டிராகுலாவின் கோட்டைக்குள்ளே: கோதிக் திகில் என்றால் என்ன?

ஐரோப்பியத் திகில் படங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சிக்கல் வரும். 'காஸில்' என்பதை எப்படிச் சொல்வது? கோட்டை என்று எழுதினால் செஞ்சியும் வேலூரும் மனத்தில் வந்து நிற்கும்: மதில், அகழி, பீரங்கி, வெயிலில் படம் பிடித்துக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகள். அங்கே யாரோ குடியிருப்பதாக நமக்குத் தோன்றாது. அரண்மனை என்று எழுதினாலோ தர்பார் மண்டபமும் சரவிளக்கும் நினைவுக்கு வரும். டிராகுலா வசிப்பது இந்த இரண்டிலும் சேராத ஓர் இடம். ஒரு பிரபு தன் குடும்பத்தோடு வாழ்வதற்காகவும், எதிரி வந்தால் கதவடைத்துக்கொண்டு சண்டை போடுவதற்காகவும் மலையுச்சியில் கட்டிய வீடு.

வேடிக்கை என்னவென்றால், சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'அரண்மனை'தான் மிகப் பொருத்தமானது. அரண், மனை. காவலும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கும் இடம். கோதிக் திகில் என்ற வகையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சொல்லே போதும் என்பது என் கட்சி. வெளியே இருப்பவனை உள்ளே விடாமல் தடுக்கக் கட்டிய சுவர், உள்ளே வந்துவிட்டவனை வெளியே விடாமலும் தடுக்கும். எந்த மனையில் அரண் இப்படி உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறதோ, அங்கே நடப்பது கோதிக் கதை.

விளக்கத்துக்கு யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'டிராகுலா'வை எடுத்துக்கொள்கிறேன். 1931 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ராக்ஸி தியேட்டரில் திரையிடப்பட்டது. இயக்கியவர் டாட் பிரௌனிங். டிராகுலாவாக நடித்தவர் பெலா லுகோசி. சுமார் 75 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். ரத்தம் தெறிக்காது. கோரைப்பல்லைக்கூடக் காட்டமாட்டார்கள். கடைசியில் டிராகுலா சாவதும் திரைக்கு வெளியிலிருந்து வரும் ஒரு முனகலாகத்தான் நமக்குக் கிடைக்கும்.

என் அக்கா மகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் யார் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

ஒரு வசைச் சொல்லின் கதை

முதலில் 'கோதிக்'. கோத்துகள் என்பவர்கள் ஜெர்மானிய இனக்குழுவினர். அவர்களில் ஒரு பிரிவினர் கி.பி. 410இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். அது நடந்து ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, மறுமலர்ச்சிக்கால இத்தாலிய அறிஞர்கள், கூர்முனை வளைவுகளும் வானத்தைக் குத்தும் கோபுரங்களும் கொண்ட இடைக்காலத் தேவாலயங்களைப் பார்த்து, 'இதெல்லாம் கோத்துகளின் வேலை' என்று ஏளனம் செய்தார்கள். கோத்துகளுக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் உண்மையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'காட்டான் வேலை' என்று நாம் சொல்வதைப் போன்ற வசை அது. வசை நிலைத்து, கட்டடக் கலையின் பெயராகவே ஆகிவிட்டது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தக் காட்டான் வேலையின்மீது ஒருவருக்குக் காதல் வந்தது. ஹொரஸ் வால்போல். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன், பணத்துக்கும் நேரத்துக்கும் பஞ்சமில்லாதவர். லண்டனை ஒட்டிய ட்விக்கனத்தில் 'ஸ்ட்ராபெரி ஹில்' என்ற தன் வீட்டைப் பல ஆண்டுகள் செலவழித்து இடைக்காலக் கோட்டை போல மாற்றிக்கொண்டார். கல்லில் செதுக்கவேண்டிய விதான வேலைப்பாட்டைக் காகிதக்கூழில் செய்து ஒட்டினார். ஓர் இரவு, பழைய கோட்டை ஒன்றின் மாடிப்படிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை ஒன்று இருப்பதாகக் கனவு கண்டார். அந்தக் கனவிலிருந்து பிறந்த நாவல் 'ஓட்ரான்டோ கோட்டை', 1764 டிசம்பரில் வெளிவந்தது. திருமண நாளன்று மேலிருந்து விழுந்த ராட்சதத் தலைக்கவசத்தின் அடியில் மாப்பிள்ளை நசுங்கிக் கிடப்பதுதான் கதையின் தொடக்கம்.

முதல் பதிப்பில் வால்போல் தன் பெயரைப் போடவில்லை. 1529இல் நேப்பிள்ஸில் அச்சான ஓர் இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று கூசாமல் புளுகினார். நூல் நன்றாக விற்றதும் மறுபதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பைச் சேர்த்தார். இந்த இலக்கிய வகைக்குப் பெயர் வந்த வழி இதுதான்.

ஆக, முதல் கோதிக் கதை போலி ஆவணமாகப் பிறந்தது. அதை எழுதியவர் வாழ்ந்த கோட்டையோ காகிதக்கூழ். பிற்பாடு ஹாலிவுட் மரச்சட்டத்திலும் சாந்திலும் கோட்டை கட்டியதைப் பார்த்து 'எல்லாம் செட்தானே' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், அது இந்த மரபின் பரம்பரைச் சொத்து என்று சொல்லிவிடலாம்.

ஏன் அந்தக் காலத்தில், அந்த நாட்டில்? ஓட்ரான்டோவின் கதையிலேயே விடை இருக்கிறது. பாட்டன் கொலை செய்து அபகரித்த கோட்டையைப் பேரன் ஆண்டுகொண்டிருக்கிறான். பழைய கணக்கு அவன் தலைமுறையில் வந்து நிற்கிறது. அதைப் படித்த ஆங்கிலேயர்கள் வணிகர்களும் வழக்கறிஞர்களும் மேலே வந்துகொண்டிருந்த காலத்தவர்கள். சொந்த நிலவறையில் ஆளை அடைத்துவைக்கும் பிரபு அவர்களுக்குப் பழங்கதை. பழங்கதையாகிவிட்ட ஒன்றைப் பற்றித்தான் பயத்தோடும் ருசியோடும் பேசமுடியும். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அடியில் கிடந்து உறுத்தும்: அந்தப் பிரபு நிஜமாகவே செத்துவிட்டானா? செத்தும் சாகாதவன் என்று 1897இல் ஒரு நாவல் பதில் சொன்னது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' அது.

ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரின் நிர்வாகியாக இருந்தவர். தன் கதையில் டிராகுலாவின் கோட்டையை வைத்த டிரான்சில்வேனியாவுக்கு, அதாவது இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதிக்கு, போனதே இல்லை. டிராகுலா என்ற பெயரையே இங்கிலாந்தின் விட்பி என்ற கடலோர ஊரில் விடுமுறையில் இருந்தபோது, அங்கிருந்த நூலகப் புத்தகம் ஒன்றிலிருந்து குறித்துக்கொண்டார். இன்றைக்கு ருமேனியாவில் பிரான் என்ற ஊரிலுள்ள கோட்டையை 'டிராகுலா கோட்டை' என்று டிக்கெட் கொடுத்துக் காட்டுகிறார்கள். பாவம், அந்தக் கோட்டை தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

படிக்கட்டில் நிற்கும் ஆள்

இப்போது படத்துக்கு வருவோம்.

மலைப்பாதையில் ஒரு குதிரைவண்டி ஆடி ஆடிப் போகிறது. உள்ளே பயணிகள். ஓர் இளம்பெண் வழிகாட்டிப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள்: போர்கோ கணவாயின் சிகரங்களுக்கு நடுவே கடந்துபோன காலத்தின் இடிந்த கோட்டைகள் காணப்படுகின்றன என்று. படத்தின் முதல் வசனம் இது. அதைப் பேசிய கார்லா லெம்லி, ஸ்டூடியோவை நிறுவிய கார்ல் லெம்லியின் அண்ணன் தம்பி வழி மகள். சிபாரிசோ என்னவோ, ஒரு முழு வகைமையின் இலக்கணம் அந்தப் பெண்ணின் வாயில் முதல் வரியாக வந்துவிட்டது.

வண்டியில் இருப்பவர்களில் ரென்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயன் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டைக்குப் போயாக வேண்டும் என்கிறான். நாவலில் ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞன் செய்யும் பயணத்தைப் படத்தில் இவனுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பையில் இருப்பது, லண்டனில் கார்ஃபாக்ஸ் என்ற பாழடைந்த மடாலயத்தைப் பிரபுவுக்குக் குத்தகைக்கு விடும் பத்திரம். கொஞ்சம் நின்று இதைக் கவனியுங்கள். உலகத்தின் மிகப் பிரபலமான பேய்க்கதை, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போவதில் தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு கெஞ்சுகிறார்கள். இவன் வேலை இருக்கிறது என்கிறான். பழைய உலகத்தின் வாசலில் புது உலகத்தின் குமாஸ்தா போய் நிற்கிறான். கோதிக் கதைக்கு இந்தச் சந்திப்பு இல்லாமல் முடியாது. பேயை நம்புகிற ஆள் கோட்டைக்குள் போகவே மாட்டான் அல்லவா?

கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே மண்டபம். சார்ல்ஸ் ஹால் என்பவர் யுனிவர்சலின் வளாகத்தில் எழுப்பிய செட் அது. இடிந்த தூண்கள், உயரமான சன்னல்கள், அகன்ற கல் படிக்கட்டு. காமிரா எவ்வளவோ தள்ளி நின்று பார்க்கிறது. ரென்ஃபீல்ட் அந்தச் சட்டகத்தின் கீழ்மூலையில் ஒரு பொம்மையைப் போலத் தெரிகிறான். மனிதனுக்காகக் கட்டிய வீட்டில் மனிதன் பொருந்தாத அளவு, அதுவே முதல் அடி. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' போன்ற படங்களில் வேலை செய்துவிட்டு வந்தவர். நிழலுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தெரிந்த கை.

படிக்கட்டில் மெழுகுவத்தியோடு டிராகுலா இறங்கி வருகிறான். நேர்த்தியான மாலைநேர உடை, மேலங்கி. "நான் டிராகுலா" என்று சொல்லி வரவேற்கிறான். வெளியே ஓநாய்கள் ஊளையிடுகின்றன; அவற்றை இரவின் பிள்ளைகள் என்கிறான், என்ன அருமையாகச் சங்கீதம் இசைக்கின்றன என்று ரசிக்கிறான். லுகோசியின் ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கும். ஹங்கேரி மொழி பேசியவர். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் லுகோஸ் என்ற ஊரில் பிறந்து, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். பிராட்வே மேடையில் இதே வேடத்தில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். படிக்கட்டின் குறுக்கே ஆள் உயரத்துக்குச் சிலந்தி வலை. டிராகுலா முன்னால் போகிறான். ஒரு வெட்டு. அவன் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். வலை அப்படியே இருக்கிறது. பின்னால் வரும் ரென்ஃபீல்ட் திகைத்து, கைத்தடியால் வலையைக் கிழித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. விசேஷத் தந்திரம் எதுவும் இல்லை, படத்தொகுப்பு மேசையில் ஒரு கத்தரிப்பு. ஆனால் அதில் இரண்டு செய்தி இருக்கிறது. இந்த வீடு அவனைத் தடுக்காது. உன்னைத் தடுக்கும்.

அந்த மண்டபத்தில் இன்னொன்றும் உண்டு. தரையில் என்னவோ ஓடும். "மாமா, அது அழுங்கா?" என்று அக்கா மகள் கேட்டாள். ஏறக்குறைய சரி, அர்மடில்லோ என்ற பிராணி. அமெரிக்கக் கண்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லாதது. டிராகுலாவின் கோட்டை நிற்கும் கார்பாத்தியன் மலைக்கு அது எப்படி வந்தது என்று படம் வந்த நாளிலிருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எலி ஓடியிருந்தால் அருவருப்பு வந்திருக்கும். பெயர் தெரியாத ஒன்று ஓடும்போது, 'இங்கே விதிகள் வேறு' என்ற எண்ணம் வரும் என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கும் அரைமனதுதான்.

மேலே ஓர் அறை. அங்கே கணப்பில் நெருப்பு எரிகிறது, மேசையில் இரவுச் சாப்பாடு இருக்கிறது, படுக்கை விரித்திருக்கிறது. கீழே கண்ட இடிபாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரென்ஃபீல்டின் முகத்தில் நிம்மதி. நான் சொன்ன 'மனை' இந்த அறை. சாப்பாடு, வெளிச்சம், வெதுவெதுப்பு, பவ்வியமாகப் பேசும் வீட்டுக்காரர். கோதிக் கதையின் பொறி இப்படித்தான் வேலை செய்யும். கோட்டை முழுவதும் ஒரே சீராகப் பயங்கரமாக இருந்தால் யாரும் அங்கே இரவு தங்கமாட்டார்கள். பழைய திராட்சை மது என்று சொல்லி டிராகுலா ஊற்றிக் கொடுக்கிறான். நீங்கள் குடிக்கவில்லையா என்று விருந்தாளி கேட்கிறான். "நான் எப்போதும் குடிப்பதில்லை..." என்று சொல்லிவிட்டு லுகோசி ஒரு கணம் நிறுத்துகிறார், பிறகுதான் "...மது" என்ற சொல் வருகிறது. அந்த ஒரு கணத்தில் உபசாரத்தின் தோல் உரிந்து உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது.

பிறகு வேகமாக முடிகிறது. மயங்கி விழும் ரென்ஃபீல்டை நோக்கி வெள்ளுடை உடுத்த மூன்று பெண்கள் நகர்கிறார்கள். டிராகுலா கையசைத்து அவர்களை விரட்டிவிட்டுத் தானே குனிகிறான். காட்சி இருள்கிறது. அடுத்து நாம் பார்ப்பது புயலில் ஆடும் கப்பல்.

நான்கில் மூன்று பங்குப் படம் அதன்பின் லண்டனில் நடக்கிறது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது, அந்த மூன்று பங்கும் சோர்வு. மேடை நாடகத்திலிருந்து எடுத்தது என்பது அப்பட்டமாகத் தெரியும். வரவேற்பறையில் நின்று பேசுகிறார்கள். ஓநாய் ஒன்று புல்வெளியில் ஓடுவதைக்கூட ஒருவன் சன்னல் வழியே பார்த்து நமக்குச் சொல்கிறான். கோட்டை போனதும் படத்தின் மூச்சு போய்விடுகிறது. இயக்குநருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் கார்ஃபாக்ஸ் மடாலயத்துக்குள் போகும்போது அங்கேயும் ஒரு மாபெரும் படிக்கட்டு காத்திருக்கிறது. டிராகுலா பகலில் சொந்த ஊர் மண் நிரப்பிய பெட்டியில்தான் படுப்பான்; பிரபு அந்த மண்ணை மட்டுமல்லாமல் படிக்கட்டையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான் போலிருக்கிறது.

செட்டின் அருமையை அறிய இன்னொரு வழியும் உண்டு. பகலில் பிரௌனிங் படம் எடுத்துவிட்டுப் போனதும், அதே செட்டில் இரவில் ஸ்பானிய மொழிப் பதிப்பு ஒன்றை வேறு நடிகர்களை வைத்து ஜார்ஜ் மெல்ஃபோர்ட் எடுத்தார். டிராகுலாவாகக் கார்லோஸ் வில்லாரியாஸ். நடிப்பில் லுகோசிக்குப் பக்கத்தில்கூட நிற்கமாட்டார். ஆனால் காமிரா அங்கே உயிரோடு இருக்கிறது. படிக்கட்டின்மேல் நிற்கும் பிரபுவை நோக்கி அது எழும்பிப் போகும் இடத்தைப் பார்த்தால், ஆங்கிலப் படத்தில் எவ்வளவு கோட்டை வீணாயிற்று என்று புரியும்.

மௌனத்தையும் சொல்லவேண்டும். தலைப்பு ஓடும்போது சாய்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' இசை வரும், பின்னால் ஒரு கச்சேரிக் காட்சி வரும். மற்றபடி பின்னணி இசை என்று ஒன்று இல்லை. பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றைய பார்வையாளருக்கு அது குறையாகப் படலாம். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கதவு கிரீச்சிடுவதற்கும் அடுத்த வசனத்துக்கும் இடையே இருக்கும் வெறுமை காதை அடைக்கும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். 1790களில் இங்கிலாந்தில் கோதிக் நாவல்களால் பெரும்புகழ் பெற்ற ஆன் ராட்கிளிஃப் என்ற பெண், பயத்தை இரண்டாகப் பிரித்தார். அதைச் சொல்லும் அவருடைய கட்டுரை, அவர் இறந்தபிறகு 1826இல் அச்சில் வந்தது. ஒரு வகைப் பயம் மனத்தை விரிக்கும், புலன்களை விழிக்கவைக்கும். இன்னொரு வகை மனத்தைச் சுருக்கி உறையவைத்துவிடும். மூடிய கதவின் முன்னால் நிற்கும்போது வருவது முதலாவது என்றும், கதவைத் திறந்து பிணத்தைப் பார்த்ததும் வருவது இரண்டாவது என்றும் நான் வைத்துக்கொள்கிறேன். இன்றைய திகில் படங்கள் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுகின்றன. கோதிக் படம் கதவின் முன்னால் நிற்கவைக்கும். அந்தப் பெண் கேட்டது கதவுக்குப் பின்னால் இருப்பதை. படம் காட்டிக்கொண்டிருந்தது கதவை.

நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது இங்கே கடவுளைக் குறிக்கவில்லை. அரசனைப் போல நம்மேல் அதிகாரம் உள்ளவரைக் குறிக்கிறது. ஓநாய்மனிதன் கதையில் விலங்கு மட்டும் இருக்கும். முகமூடிக் கொலைகாரன் கதையில் கள்வன் மட்டும். டிராகுலாவை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். செத்தும் உலவுகிறான், அணங்கு. வௌவாலாகவும் ஓநாயாகவும் மாறுகிறான், விலங்கு. தூங்குகிறவர்களின் அறைக்குள் இரவில் புகுந்து ரத்தம் எடுக்கிறான், கள்வன். நான்காவது இருக்கிறதே, அதுதான் மற்ற அசுரர்களிடமிருந்து அவனைப் பிரிப்பது. அவன் பிரபு. ஊரார் அவன் பெயரைச் சொல்லத் தயங்குவது பேய்க்குப் பயந்து மட்டுமா, பண்ணையாருக்குப் பயந்துமா என்று பிரித்துச் சொல்லமுடியாது. மலையுச்சியில் அந்தக் கோட்டை நிற்பதே அந்த நான்காவது அச்சத்துக்குச் சாட்சி. கோட்டையை எடுத்துவிட்டு அவனை ஓர் அடுக்குமாடி வீட்டில் குடிவைத்தால் மூன்று அச்சம்தான் மிஞ்சும்.

நிஜக் கோட்டை, சுத்தமான கோட்டை

எல்லாக் கோட்டையும் செட் அல்ல. 1922இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. மூர்னாவ் எடுத்த மௌனப் படமான 'நாஸ்ஃபெராட்டு', இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஒராவா கோட்டைக்கே போய்ப் படமாக்கப்பட்டது. ஆற்றுக்கு மேலே நூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், பாறையிலிருந்தே முளைத்ததைப் போல நிற்கும் கோட்டை அது. மாக்ஸ் ஷ்ரெக் நடித்த ஓர்லோக் பிரபு அங்கே வளைவுகளுக்குக் கீழேதான் நிற்பான்; வளைவு அவனைச் சவப்பெட்டியின் சட்டம் போலச் சுற்றிக்கொள்ளும். ஸ்டோக்கரின் கதையை அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கவேண்டும் என்று ஜெர்மன் நீதிமன்றம் 1925இல் தீர்ப்பளித்தது. பிரதிகள் எங்கெங்கோ தப்பித்துக்கொண்டன. ரத்தக்காட்டேரி சூரிய வெளிச்சத்தில் அழிந்துபோகும் என்று இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் 'விதி'யை அந்தப் படம்தான் கொடுத்தது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் வெளியே நடமாடுவான்.

1958இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் டிராகுலாவை வண்ணத்தில் எடுத்தபோது, இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரும் கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். கோட்டையைப் பெருக்கித் துடைத்துவிட்டார்கள். ஒட்டடை கிடையாது, அர்மடில்லோ கிடையாது. ஜொனாதன் ஹார்க்கர் பட்டப்பகலில் நடந்து வருகிறான். எல்லாம் இயல்பாக இருக்கிறது, பறவைகளின் சத்தம் மட்டும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறான். உள்ளே கணப்பு எரிகிறது, சாப்பாடு தயாராக இருக்கிறது, நேரில் வரவேற்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதமும் இருக்கிறது. கிறிஸ்டோபர் லீ படிக்கட்டின் உச்சியில் கரிய நிழலுருவாகத் தோன்றுகிறார். பயங்கரமான இசை. பிறகு விறுவிறுவென்று இறங்கி வந்து, படித்த கனவானைப் போல நலம் விசாரிக்கிறார். விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அறையைக் காட்டுகிறார். நல்லிரவு சொல்லிவிட்டுப் போகிறார்.

வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்கிறது.

கோதிக் என்றால் என்ன என்று ஒரே ஒரு காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். பாழடைந்த கோட்டை, சிலந்தி வலை, இடி மின்னல் எல்லாம் இந்த வகையின் உடுப்புகள். அவற்றைக் கழற்றிவிட்டாலும் பூட்டு மிச்சம் இருக்கிறது. நல்ல உபசாரமும் நல்ல பூட்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

அந்தப் படம் முடிவதும் கோட்டையிலேயே. டிராகுலாவை அழிக்கத் துரத்தி வரும் வான் ஹெல்சிங் (நடித்தவர் பீட்டர் குஷிங்), நீளமான மேசையின்மேல் ஓடிப் பாய்ந்து சன்னல் திரையைப் பிடித்து இழுக்கிறார். திரை கிழிந்து விழ, வெயில் உள்ளே வருகிறது. மெழுகுவத்தித் தண்டுகள் இரண்டைச் சிலுவையாகப் பிடித்து டிராகுலாவை அந்த வெளிச்சத்துக்குள் தள்ளுகிறார். பல நூற்றாண்டு அதிகாரம் தரையில் சாம்பலாகக் கிடக்கிறது. கல் மதில்கள் அனைத்தையும் தாண்டி, கடைசி அரணாக இருந்தது ஒரு துணி.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் இந்த 1958 படத்திலிருந்து தொடங்கலாம். வேகமாகப் போகும், வண்ணம் உண்டு. பிறகு லுகோசி. மூர்னாவுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் மூன்றிலும் அதுதான் பெரிய படம்.

ஹேமரின் படம் பிடித்திருந்தால் அதே இயக்குநர் 1966இல் எடுத்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' இருக்கிறது. லீ அதில் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். படத்தின் முற்பாதி முழுவதும் டிராகுலா சாம்பலாகவே இருக்கிறான். கோட்டை மட்டும் விழித்திருக்கிறது. இரண்டு ஆங்கிலேயத் தம்பதிகள் இருட்டும் நேரத்தில் வழியில் இறக்கிவிடப்படுகிறார்கள். வண்டிக்காரன் இல்லாத வண்டி ஒன்று வந்து நின்று அவர்களைக் கோட்டைக்குக் கொண்டுபோகிறது. கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. மேசையில் நான்கு பேருக்கு இடம் போட்டிருக்கிறது. பிற்பாடு வரும் வேலைக்காரன் விளக்கம் சொல்கிறான்: எஜமான் இறந்துவிட்டார், ஆனால் விருந்தினருக்காகக் கோட்டை எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்பது அவருடைய உத்தரவு.